செவ்வாய்க்கிழமைப் பிரதி

வியாழன் இரவு பழைய டிஸ்க் செத்துப்போனது.
இரண்டு கிழமையாகப் பல்லிமாதிரிச் சொல்லிக்கொண்டேயிருந்தது,
நான்தான் பலன் பார்க்கவில்லை.

பயமில்லை, பிரதி இருக்கிறது என்று
லாச்சியைத் திறந்தேன். செவ்வாய் பின்னேரம் எடுத்தது.
அதை எடுத்த கெட்டித்தனத்துக்கு
முதலாளி எமிலியானுஸ் ஒரு ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தவர்.

நாலு ஆணி கழற்றிப் பழசை வெளியே எடுத்து
அதே இடத்தில் புதுசைக் கிடத்தி
சுவிட்சைத் தட்டினேன்.

கறுப்புத் திரை.
ஒரேயொரு வெள்ளை வரி:
தொடங்குவதற்கு இங்கே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லையா?
பக்கத்துக் கடை லப்டொப்பில் செருகிப் பார்த்தேன்.
பதினொரு வருடத்துக் கல்வெட்டுகள்,
சாமத்தியவீட்டு அட்டைகள்,
சுன்னாகம் சந்தை வாழைக்குலைக்காரரின் பற்றுச்சீட்டுகள்,
ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாளுக்கு
இருநூற்றைம்பது அடிக்கவேண்டிய
அமரர் தையல்நாயகியின் முகம்.
எல்லாம் இருக்கிறது.
எழும்பத்தான் தெரியவில்லை.

கேபிளை மாற்றினேன். வாயால் ஊதினேன்.
நிறுத்தி, ஐம்பது எண்ணி, திரும்பப் போட்டேன்.
எஃப் டூவை அமத்திப் பிடித்து உள்ளே போனால்
மணிக்கூடு
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி முதலாம் திகதி என்றது.
போர்டிலிருந்த சின்ன பற்றரியும் முடிந்துவிட்டதாம்.
அந்தத் திகதியில் எனக்கு ஒரு வேலையுமில்லை.
மாற்றிவிட்டு வெளியே வந்தேன்.

கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
வீட்டிலிருந்து இரண்டு மிஸ்ட் கோல்.
பதினொன்றரைக்குத்தான் பிடிபட்டது.

எதையெதைப் பிரதி எடுக்க என்று
செவ்வாய்க்கிழமை அது கேட்டது.
சி என்றேன், டி என்றேன்.
அவற்றுக்கு முன்னால் ஒரு நூறு மெகாபைட் கிடந்தது,
பெயரில்லை, எழுத்தில்லை,
திறக்கப் போனாலும் திறக்காது.
குப்பை என்று விட்டுவிட்டேன்.
விசரி.
விடிய எழும்பி மற்ற எல்லாரையும் எழுப்புவது அதுதான்.

பென் டிரைவிலிருந்து ஏற்றி
சியின் ஓரத்தில், காணி பிரிக்கிறமாதிரி,
நூறு மெகாபைட் வெட்டியெடுத்தேன்.
எஸ் என்று ஓர் எழுத்துக் கொடுத்தேன்.
அச்சுக்கூடத்தில் எழுத்தில்லாமல் ஒன்று இருக்கலாமா?
பிறகு ஒற்றை வரிக் கட்டளை.
இரண்டு தரம் பிழையாகத் தட்டி, மூன்றாம் தரம்
சரி, எழுதியாயிற்று என்றது.

திரையில் புள்ளிகள் சுற்றின.
ஒரு நுளம்பை அடித்தேன். இன்னும் சுற்றின.
பன்னிரண்டு நாற்பதுக்கு
என்னுடைய பழைய டெஸ்க்டொப், அதே ஒழுங்கீனத்தோடு.

கல்வெட்டைத் திறந்தேன். பதினாறாம் பக்கம்.
மருமக்கள் வரிசையில் கடைசியாக
பிறிசில்லா.

புதன்கிழமை ஒஸ்லோவிலிருந்து மூத்த மகன் எடுத்தவர்.
"தங்கச்சி, அந்தக் கடைசிப் பேரை எடுத்துவிடுங்கோ.
அதை நாங்கள் கணக்கிலை எடுக்கிறேல்லை."
எடுத்துவிட்டேன். இடம் தெரியாமல்
வரியையும் இழுத்துச் சரிப்படுத்தினேன்.

இந்தப் பிரதிக்குப் புதன்கிழமை தெரியாது.

கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்ததே அவள்தான்.
ஒற்றை றூள் கொப்பித் தாளில் முப்பது பக்கம்,
மாமியாருக்குப் பிடித்த தேவாரத்தில்
லகர ளகரம்கூடப் பிழைக்கவில்லை.
தன் பெயரை மட்டும்
தாளின் விளிம்பில், இடம் காணாததுபோல, சின்னதாக
எழுதியிருந்தாள்.

கேர்சர் அந்தப் பெயருக்குப் பக்கத்தில்
மினுங்கி மினுங்கி நின்றது.
ஒருக்கா அழித்த கைதான். இரண்டாந்தரம் வரவில்லை.

இருநூற்றைம்பது என்று போட்டு
அச்சுக்கு அனுப்பினேன்.
கேட்டால், கொம்பியூட்டர் பழுது,
பழைய பிரதிதான் கிடைத்தது என்று சொல்லலாம்.
பொய்யுமில்லை.