இரண்டாவது ஆட்டக்காரி

கிதினியா துறைமுகத்தின் மேல் பிப்ரவரிப் பனி.
ஏழாம் மாடி. லிஃப்ட் ரிப்பேர்.
ஹல்ஷ்கா பழைய பெகாசஸை
வயர்கள் வெளியே தொங்க
மீன் வாங்கிய பையில் போட்டுத் தூக்கி வந்தாள்.
மூச்சு வாங்கியபடி முதலில் கேட்டது:
"உன் டிவியில் மஞ்சள் ஓட்டை இருக்கா?"

நாலு வருஷம் கழித்து
அக்கா என்னிடம் கேட்ட கேள்வி அது.

இல்லை.
என் டிவி ஜன்னல் அகலம், விரல் கனம்.
திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி
சுவரோடு ஒட்டி நிற்கிறது.
முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன்.
எல்லாம் ஒடுங்கிய தட்டை வாய்கள்.
வட்டமாய் ஒன்றுகூட இல்லை.

சந்தைக் கூடத்தில் மீன் கடைகளைத் தாண்டி
வாட்ச்சுக்கு பேட்டரி மாற்றும் ஒருவரிடம்
கறுப்புப் பெட்டி ஒன்று கிடைத்தது,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது,
நாற்பத்தொன்பது ஸ்லோட்டி.
"இது மொழிபெயர்க்குமா?" என்றாள்.
"பெயர்க்கும்," என்றார் அவர்,
"அழகாக என்று சொல்ல மாட்டேன்."

மஞ்சள் முனை மஞ்சளில்.
ஒலிக்கு இருப்பது ஒன்றுதான்; அதை வெள்ளையில் செருகினோம்.
சிவப்பு காலியாகவே கிடந்தது,
கிறிஸ்துமஸ் இரவில்
வராத யாருக்கோ வைக்கிற தட்டு போல.
பெட்டிக்கும் பசி;
டிவியின் விலாவிலிருந்தே மின்சாரம் ஊட்டினோம்.
சிக்னல் இல்லை.
சிக்னல் இல்லை.
கேசட்டை உருவி
ஊதுவதற்கு இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து
நெற்றிகள் முட்டிக்கொண்டன.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வானம் வந்தது, சேறு கலந்த நீலத்தில்.
வாத்துகள் வந்தன,
பூரிக்கட்டையால் தேய்த்தது போல் அகன்று.
"கொழுத்துப் போச்சு," என்றேன்.
"முப்பது வருஷமா யாரும் சுடலையே," என்றாள்.

ரிமோட்டில் தேடி நாலுக்கு மூன்றாக்கினேன்.
வாத்துகள் இளைத்தன.
இரு பக்கமும் கறுப்புத் தூண்கள்.
எங்கள் பழைய டிவி அவ்வளவுதான்;
அதற்குள்ளேயே
எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்.

துப்பாக்கி அவளுடையது. எப்போதும்.
குறி வைத்தாள். சொடக்.
வாத்து பறந்தது.
எழுந்து போய்
திரையிலேயே முனையை ஒட்டவைத்துச் சுட்டாள்.
வாத்து பறந்தது.
அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது,
ஒரு கண் மட்டும் உண்டு.
பழைய திரை வரிவரியாய் வெளிச்சம் எழுதும்போது
அது படித்துவிடும்.
இந்தத் திரை ஒளிரும் விதம் வேறு;
எதிரிலேயே நின்றாலும்
அதற்குத் தெரியவில்லை.
"குருடு," என்றாள்,
துப்பாக்கியையா டிவியையா என்று சொல்லாமல்.

அடுத்த கேசட்: ஓடித் தாவுகிற ஆட்டம்.
முதல் கன்ட்ரோலரில் ஸ்டார்ட் உண்டு.
இரண்டாவதில் அந்த இடம் வழவழவென்று
வாய் வரையாத முகம்.
அதுதான் எனக்கு.
எட்டு வயதில் அந்த வெறும் பிளாஸ்டிக்கை
எத்தனை முறை அழுத்தியிருப்பேன்:
நிறுத்து. கொஞ்சம் நிறுத்தேன்.

இன்று முதலாவதை
என் மடியில் போட்டாள்.
வயர் குட்டை, நீ முன்னால் உட்கார், என்றாள்
காரணம் போல.

அழுத்தினேன். ஆள் தாவவில்லை.
பள்ளத்தில் கால் வைத்தபின் தாவப் பார்த்தான்.
விழுந்தான்.
மறுபடியும்.
"பெட்டிக்கு மொழிபெயர்க்க நேரம் வேணும்.
முன்னாடியே அழுத்து."
"எவ்வளவு முன்னாடி?"
"கொஞ்சம்."
மெனுவுக்குள் 'விளையாட்டு முறை' என்று ஒன்று இருந்தது.
போட்டதும் நிறங்கள் வெளிறின.
தாமதம் குறைந்தது;
போகவில்லை.

அம்மாவின் ஃபிளாட்டை விற்ற
அந்தக் கையெழுத்தைப் பற்றி
அவள் ஆரம்பித்தபோது
மூன்றாவது பள்ளம் வந்துகொண்டிருந்தது.
ஸ்டார்ட்டை அழுத்தினேன்.
ஒரு கணம் கழித்து
ஆள் நின்றான்,
காற்றில், பள்ளத்துக்கு நேர் மேலே,
முழங்கால் மடங்கியபடி.
இசையும் நின்றது.
துறைமுகத்தில் ஏதோ ஒரு இழுவைப் படகு கத்தியது.

"சொல்லு," என்றேன்.

அவளுடைய கட்டைவிரல்
இரண்டாவது கன்ட்ரோலரின்
அந்த வெறும் இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.