இரட்டை விசில்

ஒரு விசில், நில். இரண்டு விசில், போ.
பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த சட்டம் இது.
ஏற்காடு வண்டியில் இதை மீறியவன் நானில்லை,
என் எலும்புக்குள் இருந்த எவனோ.

தோல்பை இடது பக்கம் அழுத்துகிறது என்றுதான் நினைத்தேன்.
தோள் மாற்றிப் போட்டேன். அப்புறமும் அழுத்தியது.
இரண்டு இட்லிக்கே வயிறு அடைத்தது.
"சில்லறை கனம்யா" என்றார் டிரைவர் இருதயராஜ்,
அடிவாரம் சாவடியில் டீயை ஆற்றியபடி.
சில்லறை இல்லை, மண்ணீரல்.
பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள்
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக்கூட
அப்படி ஏற்றியதில்லை நான்.

டாக்டர் மெகருன்னிசா ரிப்போர்ட்டின் முதுகில் படம் போட்டார்:
ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும்
வால் அறுந்து, மாற்றி ஒட்டிக்கொண்டன.
பீடியா டாக்டர்? டீசல் புகையா?
பேனாவை மூடினார், திறந்தார்.
ஒன்பது எனக்குத் தெரியும்,
குரங்குகள் மதில்மேல் காத்திருக்கும் கொண்டை ஊசி வளைவு.
ஆனால் என் மலை இருபதோடு முடிகிறது.
இருபத்திரண்டுக்கு நான் டிக்கெட் கொடுத்ததே இல்லை.

ஒட்டிய இடத்தில் பிறந்தது ஒரு புரதம். கைனேஸ் வகை.
அதற்கு என்ன வேலை என்றேன்.
உங்கள் வேலைதான் என்றார்.
ஏ.டி.பி. என்று ஒரு கட்டு, அதில் மூன்று பாஸ்பேட்.
கடைசியைக் கிழித்து அடுத்த புரதத்தின் கையில் கொடுக்கும்.
வாங்கியவன் விழிப்பான், இன்னொருவனுக்குக் கிழிப்பான்,
படிக்கட்டிலிருந்து கை மாறிக் கை மாறி
உள்ளே கருவுக்குச் சேதி போய்ச் சேரும்:
பிரி. பெருகு.
கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கச்
செக்கிங் இன்ஸ்பெக்டர்களும் உண்டாம்.
என்னுடையது அவர்களுக்கு அடங்கவில்லை.
ஆள் ஏறாவிட்டாலும் கிழிக்கிறது.
இரட்டை விசில் இரட்டை விசில் இரட்டை விசில்
ராத்திரி டிப்போவில் பூட்டிய வண்டிக்குள்ளும்.

மாத்திரை என்ன செய்யும் என்று பூங்காவனம் கேட்டாள்.
புது பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் முன்னே
சன்னல் வழியாகத் துண்டு போடுவாயே, அது.
ஏ.டி.பி. உட்காரும் குழியில்
முந்திப் போய்த் துண்டு போட்டுவிடும்.
"தூக்கிப் போட்டுட்டு உக்காந்தா?"
உட்காருவான். அதனால்தான் தினம் ஒன்று.

இமை வீங்குகிறது. அழுதீங்களா என்கிறார்கள் பயணிகள்.
பதிமூன்றாம் வளைவில் கெண்டைக்கால் இழுக்கிறது,
கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வருகிறேன்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ரத்தம் பெங்களூர் போகிறது,
நான் போனதில்லை.
இந்த முறை புள்ளி பூச்சியம் எட்டு சதம்.
நல்ல எண் என்றார். பூச்சியம் இல்லையே என்றேன்.
குழியின் வாசலில் ஓர் எழுத்து மாறினால்
துண்டு நழுவிவிடுமாம்.
வேறு துண்டு இருக்கிறதாம்.
விலை கேட்டேன்.
காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

நேற்று கடைசி வண்டி. பனி.
ஒன்பதாம் வளைவில் எதிரே ஒரு லாரி முக்கிக்கொண்டு நிற்க
ஒரு விசில் கொடுத்தேன்.
இருதயராஜ் நின்றார்.
நாற்பத்தோரு பேரும் நின்றோம், எஞ்சினும்.
பனி கிழிந்த இடத்தில், கீழே, சேலம் எரிந்துகொண்டிருந்தது.
ஒரு விசிலுக்கு ஒன்று நிற்கிறது என்பதை
யாரிடமும் சொல்லவில்லை நான்.

லாரி பின்வாங்கியது.
பின்சீட்டிலிருந்து மிளகு மூட்டைக்காரர் கத்தினார்:
"ரைட் குடுங்க சார், பசிக்குது."

கொஞ்சம் பொறுத்துக்
கொடுத்தேன்.