கொஞ்சம் ஆடணும்

ஆம்பூர் பைபாஸ் ஓரம்
ஷூ தோல் மிச்சத்தில் சுற்றியதை
அவிழ்த்தார் ஜுனைத் பாய்.
நத்தையாய்ச் சுருண்ட இரும்பு.

சக்கரத்தைச் சுண்டினேன்; சுற்றியது.
தண்டை அசைத்தேன்:
விழப்போகும் பால்பல்லின் ஆட்டம்.

“கொஞ்சம் ஆடணும் சார்.
ஆடலன்னா ஆயில் எங்க நிக்கும்?”

இருபத்திரண்டில் தொடங்கிப்
பதினேழில் நின்றோம்.
கிளாம்ப் இல்லாததற்கு இருநூறு கழிவு,
டீ அவர் கணக்கு.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு தாண்டினா விசில் வரும்.
வந்ததும் போன் பண்ணுங்க,
கேக்கணும்.”

மாட்டவில்லை.
மெக்கானிக் கேட்ட கூலி டர்போவை விட அதிகம்.
கட்டிலடியில் கிடந்தது;
கரண்ட் போன இரவுகளில்
வாயால் ஊதிச் சுற்றவிட்டேன்.

ஆனியில், காட்பாடி மேம்பாலத்தடியில்
ஒரு கல்லூரிப் பையன் தண்டை அசைத்தான்,
நிமிர்ந்து பார்த்தான்.

“கொஞ்சம் ஆடணும் தம்பி.”
“விசில் வருமா?”

பாயின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
“வந்தா இவருக்குச் சொல்லு.”