குளிர்முனை

கத்திரி வெயில், பதினோராம் நாள்.
தரமணி தாண்டி ரயில் போகும்போதெல்லாம்
மேசை லேசாக நடுங்கும்.
நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
பயனில்லை என்று தெரிந்தும்.

எஃகுக் கலத்துக்குள் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைச் செய்ய
ஆறு நாள் ஆயிற்று.
ஒரு விரல்ரேகை உள்ளே போனால்
ஒரு வாரம் போச்சு என்பாள் சற்குணவதி,
கையுறையைப் பல்லால் உரித்தபடி.

கடுகளவுச் சில்லில் பத்தாயிரம் குழிகள்.
மேலிருந்து உலோக ஆவி இறங்க
குழியின் வாய் சுருங்கும்,
வாய் சுருங்கச் சுருங்க
அடியில் ஒரு கூம்பு கூராகும்.
வாய் முழுக்க மூடியதும் முனை முடிந்தது.
மூடியைக் கரைத்துக் கழுவி விடுகிறோம்.
அதை யாரும் படம் எடுப்பதில்லை.

பழைய டி.வி. குழாயில்
இழை பழுத்துச் சிவந்தால்தான்
எலெக்ட்ரான் வெளியே வரும்.
இங்கே சூடு வேண்டாம், எழுபது வோல்ட் போதும்.
ஏசி செத்த அறையில்
சட்டை முதுகோடு ஒட்ட
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்:
சூடில்லாமல்.

சுவர் இருக்கிறது.
அது ஏறவில்லை, குதிக்கவில்லை, இடிக்கவுமில்லை.
சுவரை மெலிய வைத்தோம், அவ்வளவுதான்;
இப்போது அந்தப் பக்கம் இருக்கிறது.
எந்த வழியாக வந்தாய் என்று
கேட்க முடியாது.

செவ்வாய் இரவு அறுபத்தெட்டு வோல்ட்டில்
முள் துள்ளியது, விழுந்தது.
மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்
எரிமலை வாய் மாதிரி ஒரு பள்ளம்,
சுற்றிலும் அக்கம்பக்கத்தார் உருகிக் கிடந்தார்கள்.
இருந்ததிலேயே கூரான முனை அது.
எல்லா மின்னோட்டத்தையும் தானே கொடுக்கப் போனது.

"அடியில தடைப் படலம் போடலையே" என்றாள்.
போட்டோம். கூர் அதிகமானாலும்
அள்ளிக் கொடுக்க விடாத படலம்.
பிறகு மறுபடி ஆறு நாள்.

இன்று விளக்கையெல்லாம் அணைத்தோம்.
யூபிஎஸ்ஸின் சிவப்புக் கண்மேல் கறுப்பு டேப்.
மானியின் பச்சை எண்கள்மேல் என் துப்பட்டா.
கொசுவை அடிக்கவும் அசையாமல் இருட்டில்
பத்து நிமிடம் கண் பழகக் காத்திருந்தோம்.

பாஸ்பர் திரையில் ஏதோ இருந்தது.
கண்ணுக்குள் பறக்கும் பூச்சி என்று நினைத்தேன்.
தலையைத் திருப்பினேன்;
அது திரும்பவில்லை.

"சற்குணா, உனக்கும் தெரியுதா?"

பதிலில்லை.
இருட்டில் அவள் பேனா மூடி
திறக்கும் சத்தம் மட்டும்.