நிகர எடை

பெருந்துறை எடைமேடையில் இரவுப் பணி.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
சீட்டுகளின் பின்பக்கம் கதை எழுதினேன்.
வாரப் பத்திரிகைக்கு மூன்று பக்கம் போதும்:
ஓர் அழுகை, ஒரு திருப்பம்,
கடைசி வரிக்கு முன்னால் ஒரு பஸ்.

அத்தப்பனையும் அப்படித்தான் எழுதினேன்.
மஞ்சள் தரகர். தங்கச்சி பங்கை அமுக்கியது
ஈரோடு மார்க்கெட்டுக்கே தெரியும்.
கதையில் திருப்பிக் கொடுக்க வைத்தேன்,
பக்கம் தீர்ந்துவிட்டதால்.
பேரை மாற்றினேன்.
கடுக்கனை மாற்ற மறந்தேன்.

தை மாதம் லோடோடு வந்தார்.
மேடையில் லாரி ஆடி அடங்கும்வரை பேசவில்லை.
பிறகு ஜன்னலில் குனிந்து,
"ஏனுங், பாக்கறவனெல்லாம் கும்பிடறான்.
டீக்கடைல காசு வாங்க மாட்டேங்கறான்.
கூச்சம் தாங்கல.
போன வாரம் பத்திரம் பண்ணிக் குடுத்துட்டனுங்,
நாலு ஏக்கரா, கெணத்தோட."
கொஞ்சம் நிறுத்தி,
"இனி எழுதறதுன்னா
ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
கை நடுங்கியதை அவர் பார்த்தாரோ என்னவோ.
வண்டி போன பிறகும் வெகுநேரம்
மேடை காலியாகவே கிடந்தது.
மொத்தம், வண்டி, நிகரம் என்று
கட்டம் போட்ட தாளைத்
திருப்பாமல் வைத்திருந்தேன்.

குன்னத்தூரில் எனக்கும் ஒரு தங்கச்சி.
அவள் பத்திரிகை வாங்குவதை நிறுத்தி
ஏழு வருசம்.