பராமரிப்புச் செலவு

கணக்குப் புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி.
மார்ச், பக்கம் நாற்பத்தொன்று:
தண்ணீர்த் தாங்கியின் கீழ்த் தேன்கூடு அகற்றல்,
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
கீழே என் கையொப்பம்.
வெள்ளவத்தையில் இந்தத் தொடர்மாடிக்கு
மூன்று வருடமாக நான்தான் பொருளாளர்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை.
ஒன்பதாம் மாடிக் கவிநயனுக்கு ஏழு வயது.
கண் இரண்டும் மூடிக்கொள்ள முகம் வீங்கி
களுபோவிலை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு கிடந்தான்.
அவன் அம்மா தர்மினி அழாமல் பேசினாள்.
அழுதிருந்தால் ஒருவேளை
வேறு வழி உண்டா என்று யாராவது கேட்டிருப்போம்.
கை உயர்த்தினோம். எண்ணினேன்,
என் கையையும் சேர்த்து.

நிஸ்தார் என்றொருவர் அந்தியில் வந்தார்.
முகமூடி, பழைய மழைக்கோட்டு, முதுகில் மருந்து.
கால் மணித்தியாலம்.
விடிந்து மொட்டைமாடிக்கு ஏறினால்
செருப்புக்கு அடியில் நொறுநொறுவென்று கேட்டது.
கூட்டி அள்ள இரண்டு சீமெந்துப் பை.
அடையை யாரும் வாயில் வைக்கவேண்டாம்,
மருந்து இறங்கியிருக்கும் என்றார்.
அப்படியும் அதன் மணம்
மூன்று நாள் லிஃப்டில் ஏறி இறங்கியது.

என் பல்கனியில், பெயின்ற் வாளியில், பாகல்.
போன வருடம் அயலுக்கெல்லாம் கொடுத்தேன்.
இந்த வருடமும் பூக்கிறது
கடலைப் பார்த்துக்கொண்டு.
பெண்பூவுக்குக் கீழே
பூக்கும் முன்னமே உருவாகிவிட்ட குட்டிக் காய்,
முள்ளும் வரியும் எல்லாம் சரியாய்,
சுண்டுவிரல் நகமளவு.
இரண்டு நாள் காத்திருக்கும்.
பிறகு பழுத்ததுபோல மஞ்சளாகி விழும்.
பழுப்பதற்கும் கைவிடுவதற்கும்
ஒரே நிறம்தான் போலும்.

சந்தையில் யோகராசாவிடம் கேட்டேன்,
பாகற்காய் ஏன் இந்த விலை?
புத்தளப் பக்கம் தோட்டத்தில பூ இருக்கு மிஸ், பிஞ்சில்லை.
விடிய நாலு பெட்டையளை விட்டு
பூவோட பூவைத் தேய்க்கினமாம், நாட்கூலிக்கு.
அதையும் சேர்த்துத்தான் தராசு சொல்லுது.
அரைக் கிலோ நிறுத்தார். கால் போதும் என்றேன்.
எனக்குப் பின்னால் நின்ற பெண்
விலையை மட்டும் கேட்டுவிட்டு
வெறுங்கூடையோடு அடுத்த கடைக்குப் போனாள்.
கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் நான்.
சம்பளம் கேட்காமல் வேலைசெய்தவர்களைச்
செலவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது ஐந்தரைக்கு எழும்புகிறேன்.
கண்மைத் தூரிகையைக் கழுவிக் காயவைத்து
ஆண்பூவில் தொட்டுப் பெண்பூவில் வைக்கிறேன்,
எவ்வளவு அழுத்துவது என்று தெரியாமல்.
கீழே கரையோர ரயில் கோட்டைக்குப் போகிறது,
வாசலில் தொங்கும் ஆட்களோடு.
பதினொரு பூவில் ஒன்று காய்த்தது.
ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சூம்பி,
இடுப்புப் பிடிப்புக்காரர்போல வளைந்து.
வெட்டிப் பார்த்தேன்.
சூம்பிய பக்கத்தில் விதையே இல்லை.
அந்தப் பக்கத்துக்கு என் தூரிகை போகவில்லை.

இன்று காலை இன்டர்கொம்.
காவலாளி விமலசேன, தனக்குத் தெரிந்த தமிழில்:
மிஸ், லிஃப்டுக்குள்ள பம்பரா ஒண்ணு.
ஒண்ணே ஒண்ணுதான். லைட்டைச் சுத்துது.
அந்த ஆளுக்குக் கோல் எடுக்கவா?

நிஸ்தாரின் இலக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
வேண்டாம் என்றேன்.
பன்னிரண்டை அழுத்திவிட்டு
நீங்கள் வெளியே வாங்கோ.

வீட்டுக் கதவையும் பல்கனிக் கதவையும்
அகலத் திறந்துவிட்டு
லிஃப்டுக்கு முன் நிற்கிறேன்,
தூரிகை இன்னும் கையில்.
நாலு. ஐந்து.
ஏழு. எட்டு.
பாடசாலை வான் வருகிற நேரம்.
ஒன்பதில் நிற்கிறது.