மீவட்ன்

ஜூன் பதினெட்டு. இரவு பதினொன்று.
போக மனமில்லாத வெயில்
மலை முதுகில் உட்கார்ந்திருக்கிறது.
ஏரிக்கரையில் கறுத்த புகைத்தூண்.

முதல் வருடம், தீ என்று நினைத்து ஓடினேன்.
தீயில்லை. பூச்சி.
வாயில் ஒன்று, கண்ணில் இரண்டு,
காதுக்குள் விடாத ஒற்றைச் சுருதி.

கடிக்கத் தெரியாதது.
தின்ன வேண்டியதையெல்லாம்
அடிச்சேற்றில் புழுவாய்க் கிடந்தபோதே
தின்று முடித்துவிட்டது.
மிச்சம் சில நாள். அதற்கு ஒரு ஜோடி இறகு.

மீ என்றால் இவர்கள் மொழியில் இந்தப் பூச்சி,
வட்ன் என்றால் நீர்.
என் மொழியில் மீ என்றால் மேலே.
இரண்டும் சரி.

எண்ணுவது என் வேலை.
கரையிலிருந்து ஐந்து மீட்டரில் ஒரு ஜாடி,
ஐம்பதில் ஒன்று, ஐநூறில் ஒன்று.
முதல் ஜாடியில் வழித்தெடுக்கும் அளவுக்கு,
கடைசியில் நாலைந்து.
புல்லும் இதே கணக்கை எழுதி வைத்திருக்கிறது,
பச்சையில்,
என்னைவிடத் துல்லியமாக.

அந்தப் புல் வைக்கோலாகி
ஸ்டெய்ன்வோரின் ஆடுகளுக்குப் போகிறது.
குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில்
மிதித்து மிதித்து இறுகிய சாணத்தை
வசந்தத்தில் பாளம் பாளமாய் அறுத்து
வறட்டியாக அடுக்குகிறாள்.
அதன் புகையில் தொங்குகிறது
ஏரியில் பிடித்த மீன்.
வயிறு கீறினால் உள்ளே
சிவப்புச் சிவப்பாய்ப் புழு.

"உன் மீனைப் பூச்சியே சுடுகிறது" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சாம்பலை வயலில் கொட்டுவாளாம்.
குடலைக் கோழி பார்த்துக்கொள்ளும்.
கூரை ஓட்டையைக் கைகாட்டினாள்:
"சூடு மட்டும் அந்த வழியாகப் போகும்.
நாற்பது வருடத்தில்
ஒருநாளும் திரும்பி வந்ததில்லை."

பிறகு, ஏதோ என் தவறு போல,
"டிசம்பரில் சூரியனே
மூணு மணி நேரம்தான் வருது."

மூன்றாம் கோடையில் தூண் எழவில்லை.
அடிச்சேற்றில் தின்ன ஏதுமில்லாமல்
புழுக்கள் பெரும்பாலும் போய்விட்டன.
சுற்றுலாப் பயணிகள் வலைத்தொப்பியைக் கழற்றி
ஏரியைப் படமெடுத்தார்கள்.
"ஜன்னல் சுத்தமாக இருக்கிறது" என்றாள் ஸ்டெய்ன்வோர்,
யாரோ இறந்த வீட்டில் பேசும் குரலில்.

ஐநூறு மீட்டர் ஜாடி: சுழியம்.
ஐம்பது: சுழியம்.
ஐந்தாம் மீட்டரில் ஒன்று, பெண்,
வயிற்றில் முட்டையோடு.
அதையும் எழுதினேன்.

புல் மட்டும் பச்சையாகவே நின்றது.
அதற்குச் சேதி இன்னும் போகவில்லை,
பழைய வரவைத் தின்றுகொண்டிருந்தது.

போன வருட மீன் ஒன்று
புகைக்கூடத்தில் மிச்சமிருந்தது.
கத்தி நுனியில் ஒரு துண்டு நீட்டினாள்.
மென்றேன். தோலோரம் சாணப்புகை கசந்தது.
எத்தனை பூச்சி இது என்று
பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

வெளியே காற்று,
வாயைத் திறந்துகொண்டே நடக்கலாம் போல
அவ்வளவு காலியாக.